போலீஸ் பக்கம் நிற்கும் இரண்டு வட்டுகள்: வார்னரின் 'டஃப் கைஸ்' டிவிடி பெட்டி

வார்னர் பிரதர்ஸ் 2006ல் வெளியிட்ட 'டஃப் கைஸ் கலெக்‌ஷன்' ஆறு டிவிடி அடங்கிய பெட்டி. பிறகு கேங்ஸ்டர்ஸ் வரிசையின் இரண்டாம் தொகுதி என்ற பெயரிலும் இது விற்பனைக்கு வந்தது. பெயரைப் பார்த்தால் ஆறும் ரவுடிப் படம் என்றே தோன்றும். சட்டத்தின் ஆளும் ரவுடியும் நேருக்கு நேர் மோதும் படம் என்று தேடினால் இரண்டு வட்டுதான் தேறும்: 'ஜி மென்' (1935), 'புல்லட்ஸ் ஆர் பாலட்ஸ்' (1936). அந்த இரண்டுக்காகவே பெட்டி முழுவதையும் வாங்கலாம். ஆனால் காசு கொடுக்கும் முன் வட்டு நல்ல நிலையில் இருக்கிறதா என்று சோதித்தே ஆக வேண்டும். அந்த வருடத்து வார்னர் டிவிடிக்கு அது மிகவும் அவசியம். விவரம் பின்னால் வருகிறது.

மும்பைத் தமிழருக்கு இந்தப் படங்களைப் புரிந்துகொள்ளும் அகராதியில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. வசனத்தில் 'புரொடெக்‌ஷன்' என்று வந்தால் ஹஃப்தா, ரவுடிக்குக் கட்டும் மாமூல். 'நம்பர்ஸ்' என்றால் ஏறக்குறைய மட்கா, எண் சூதாட்டம். 'ஸ்டூல் பிஜன்' என்றால் கப்ரி, போலீஸுக்குத் துப்புக் கொடுப்பவன். அமெரிக்காவில் 1920 முதல் 1933 டிசம்பர் வரை மதுவிலக்கு. இங்கே பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949ல் வந்தது. சாராயக் காசு ஒரு பேட்டைக்குப் பெரிய மனிதரை எப்படி உண்டாக்குகிறது, அவர் வாசலில் ஏழைகள் ஏன் வந்து நிற்கிறார்கள் என்பதை சாராயத் தாதா வரதராஜ முதலியார் காலத்து மாட்டுங்கா, தாராவிப் பேச்சைக் கேட்டவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறிவோடு 'ஜி மென்' வட்டைப் போட்டால் முதல் காட்சியிலேயே கதை பிடிபட்டுவிடும்.

பிரிக் டேவிஸ் வக்கீல். மெக்கே என்ற ரவுடித் தலைவரின் காசில் படித்தவன். மெக்கே அவனைத் தன் தொழிலுக்கு இழுக்கவில்லை. நேர்மையாக இரு என்றே சொல்கிறார். கூடப் படித்த நண்பன், நீதித் துறை அதிகாரி, கொல்லப்படுகிறான். பிரிக் அந்த வேலைக்குத் தானே போய்ச் சேர்கிறான். நடித்தவர் ஜேம்ஸ் கேக்னி. நான்கு வருடத்துக்கு முன் 1931ல் இதே வார்னர் கம்பெனியின் 'தி பப்ளிக் எனிமி'யில் ரவுடியாக வந்து ஊரையே அசத்தியவர். இங்கே அதே வேகமான பேச்சு, அதே தோள் குலுக்கல், அதே கை வீச்சு; சட்டைப் பையில் மட்டும் அரசாங்க அடையாள அட்டை.

இது தற்செயலாக நடந்ததல்ல. 1930ல் எழுதப்பட்ட ஹாலிவுட் தணிக்கை விதிகள் 1934 நடுவில் ஜோசப் பிரீன் கைக்குப் போனபின்தான் பல் முளைத்தன. குற்றவாளி மேல் பார்ப்பவர்களுக்கு அனுதாபம் வரக் கூடாது, குற்றம் செய்யும் முறையை விவரமாகக் காட்டக் கூடாது என்று நெருக்கடி. மெஷின் கன், கார்த் துரத்தல், கேக்னி மூன்றுக்கும் டிக்கெட் விற்றது. மூன்றையும் விடாமல் வைத்துக்கொள்ள ஸ்டூடியோ கண்ட வழி, கதாநாயகனைப் போலீஸ் பக்கம் மாற்றி நிறுத்துவது. இந்த விதிகளைப் பற்றியே ஒரு சிறு ஆவணப்படம் பெட்டியில் இருக்கிறது. 'ஜி மென்' பார்த்த கையோடு அதைப் பாருங்கள். முதலில் பார்த்தால் பாடம் மாதிரி இருக்கும், பிறகு பார்த்தால் ஒவ்வொரு வரியும் ஒட்டும்.

படத்தின் முதுகெலும்பு ஒரு சட்டத் திருத்தம். அன்றைய மத்தியப் புலனாய்வு அதிகாரிகளுக்குத் துப்பாக்கி ஏந்தவும் கைது செய்யவும் பொதுவான அதிகாரம் கிடையாது. உள்ளூர்ப் போலீஸைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். 1934 மே, ஜூன் மாதங்களில் அமெரிக்க நாடாளுமன்றம் வரிசையாகக் குற்றச் சட்டங்களை நிறைவேற்றி அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. தேசிய வங்கிக் கொள்ளையும் அப்போதுதான் மத்தியக் குற்றம் ஆனது. படத்தில் முதல் பாதியில் அதிகாரிகள் வெறுங்கையோடு சாகிறார்கள், இரண்டாம் பாதியில் ஆயுதத்தோடு திரும்பி வருகிறார்கள். நடுவில் நிற்பது அந்தச் சட்டம். 1999ல் வந்த மகாராஷ்டிர மோக்கா (திட்டமிட்ட குற்றத் தடுப்பு) சட்டத்தின் முன்னும் பின்னும் மும்பைப் போலீஸ் செய்திகளைப் படித்தவர்களுக்கு, ஒரு சட்டப் பிரிவு தெருவில் எப்படி மாற்றமாக இறங்குகிறது என்பது தெரியும். அதை வெறும் 85 நிமிடத்தில், பாடம் நடத்தாமல் காட்டியிருக்கிறார் இயக்குநர் வில்லியம் கெய்லி. இன்னொன்றையும் கவனியுங்கள்: படத்தின் உரையாடலில் நீதித் துறை என்ற பெயரே திரும்பத் திரும்ப வரும். படம் வந்தது 1935 வசந்தத்தில். அந்தப் புலனாய்வுத் துறைக்கு எஃப்பிஐ என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது அதே வருடம் ஜூலையில்.

ரயில் நிலையக் காட்சியும் காட்டு விடுதிக் காட்சியும் நடந்த சம்பவங்களைத் தழுவியவை. 1933 ஜூன் 17ல் கான்சாஸ் சிட்டி ரயில் நிலைய வாசலில், பிராங்க் நாஷ் என்ற கைதியை ஏற்றிச் செல்ல நின்ற காரைச் சுற்றிச் சுட்டார்கள். நான்கு காவலர்கள் இறந்தார்கள், கைதியும் இறந்தான். படம் இதை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொள்கிறது. விடுதிக் காட்சியில்தான் படம் வரலாற்றை விட்டு விலகுகிறது. 1934 ஏப்ரல் 22ல் விஸ்கான்சினில் லிட்டில் பொஹிமியா விடுதியை அதிகாரிகள் சூழ்ந்தபோது நாய்கள் குரைத்தன. சாப்பிட்டுவிட்டுக் காரில் கிளம்பிய அப்பாவிகள் மூவரை ரவுடிகள் என்று நினைத்துச் சுட்டார்கள், ஒருவர் இறந்தார். அந்தச் சத்தத்தில் வங்கிக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சரின் கும்பல் பின்பக்கமாகத் தப்பியது. அதில் ஒருவனான பேபி ஃபேஸ் நெல்சன் ஓர் அதிகாரியைக் கொன்றுவிட்டுப் போனான். வரலாற்றில் படுதோல்வி, படத்தில் பெரிய வெற்றி. ஆனாலும் அந்த அப்பாவி ரத்தத்தைப் படம் முழுக்க மறைத்துவிடவில்லை. விடுதிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் சுடுவதன் விலையை பிரிக் தன் கையாலேயே கொடுக்கும் ஒரு கணம் இருக்கிறது. கேக்னி அங்கே வசனமே இல்லாமல் முகத்தால் மட்டும் நடித்திருப்பதைப் பாருங்கள். இந்தப் பெட்டியின் மிகச் சிறந்த அரை நிமிடம் அதுதான்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. இந்த வட்டில் இருப்பது 1949ல் மறுவெளியீடு செய்த பிரதி. ஜே. எட்கர் ஹூவர் எஃப்பிஐக்குத் தலைவராகி 25 வருடம் நிறைந்ததை ஒட்டி, பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு ஓர் அதிகாரி இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது போல ஒரு முன்காட்சியைச் சேர்த்தார்கள். அதில் வரும் ஆட்களும் உடையும் ஒளியமைப்பும் 1949ஐச் சேர்ந்தவை. தெரியாமல் பார்த்தால் வேறு படத்தைப் போட்டுவிட்டோமோ என்ற குழப்பம் வரும். முதல் முறை பார்ப்பவர்கள் அந்த முன்காட்சியைத் தள்ளிவிட்டு 1935 பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குவது நல்லது; பார்த்து முடித்தபின் திரும்பி வந்து அதைப் பார்க்கலாம்.

'புல்லட்ஸ் ஆர் பாலட்ஸ்' இன்னும் கெட்டியான படம். இயக்குநர் அதே கெய்லி; 82 நிமிடம். எட்வர்ட் ஜி. ராபின்சன் ஜானி பிளேக் என்ற முரட்டுத் துப்பறிவாளர். புதிய போலீஸ் கமிஷனர் அவரை எல்லார் முன்னிலையிலும் வேலையை விட்டு நீக்குகிறார். அவமானப்பட்டவராக ரவுடி குரூகரிடம் போய்ச் சேர்கிறார். உண்மையில் அது உள்ளே ஆள் அனுப்பும் வேலை. அவரை ஆரம்பம் முதல் நம்பாதவன் பக்ஸ் ஃபென்னர். அந்தப் பாத்திரத்தில் ஹம்ப்ரி போகார்ட், இன்னும் நாயகன் ஆகாத காலத்துப் போகார்ட். கதையில் பங்கு பெற்ற மார்ட்டின் மூனி, செய்தி கொடுத்தவர்களின் பெயரைச் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போன பத்திரிகையாளர். அதனால்தான் பேரம், பங்கு, வசூல் பற்றிய வசனங்களில் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இரட்டிப்பாக ருசிக்கும். நம்பர்ஸ் ஆட்டத்தில் 000 முதல் 999 வரை ஏதாவது ஒரு மூன்று இலக்க எண்ணில் ஐந்து பைசா, பத்துப் பைசா மாதிரியான சில்லறை கட்டுவார்கள். வெல்லும் எண் வங்கித் தீர்வுக் கணக்கிலிருந்தோ குதிரைப் பந்தயத் தொகையிலிருந்தோ எடுக்கப்படும்; நடத்துபவர் கை வைக்கவில்லை என்று காட்ட அந்த ஏற்பாடு. ஆயிரத்தில் ஒன்றுதான் விழும். அன்றைக்குப் பொதுவாகக் கொடுத்தது ஒன்றுக்கு 600. மீதி 400 நடத்துபவர்களுக்கு. பம்பாயில் மட்கா தொடங்கியதும் இதே தந்திரத்தில்தான்: நியூயார்க் பருத்திச் சந்தையின் திறப்பு விலையும் முடிவு விலையும் தந்தி வழியாக வரும், அதன் மேல் பணம் கட்டுவார்கள். நம்பர்ஸ் தொழிலைக் குரூகரின் பெரிய கும்பலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் பிளேக்தான். சில்லறையில் என்ன வரப்போகிறது என்று அலட்சியமாக இருந்தவர்கள் வாரக் கணக்கைக் கேட்டு நிமிர்ந்து உட்காருகிறார்கள். இந்தத் தொழிலை முதலில் நடத்தும் லீ மார்கனாக ஜோன் பிளாண்டெல் நடித்திருக்கிறார். வெறும் காதலி பாத்திரமாக ஒதுக்காமல், பிழைப்புக்குச் சொந்தமாக ஒன்றை நடத்தி அதை இழக்கும் பெண்ணாக எழுதியிருப்பது அந்தக் காலத்துக்கு அரிது.

பிளேக்கின் வேலை குரூகரைப் பிடிப்பதோடு முடியாது. குரூகருக்கும் மேலே, கனவான் உடையில், வங்கி அறையில் உட்கார்ந்து பங்கு வாங்குபவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் ஒவ்வொரு காட்சியிலும் பெட்டி எங்கே போகிறது, யார் கதவைத் திறக்கிறார் என்று கண்ணை வையுங்கள். கடைசிக் காட்சி அந்தக் கதவிலேயே வந்து நிற்கும். சட்டத்தின் ஆள் ரவுடியை எப்படி வீழ்த்துவது என்ற கேள்விக்கு 'ஜி மென்' சொல்லும் விடை துப்பாக்கி. இந்தப் படம் சொல்லும் விடை பணத்தின் தடம். 1931ல் சிகாகோ ரவுடி அல் கபோனுக்கு 11 வருடச் சிறை கிடைத்தது கொலைக்காக அல்ல, வருமான வரிக்காக என்பதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது விடைதான் உண்மைக்குக் கிட்டே இருக்கிறது. ஒரே இரவில் ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் போடுங்கள்.

மற்ற நான்கு வட்டுகளை வேகமாகக் கடக்கலாம். 'ஈச் டான் ஐ டை' (1939) பொய் வழக்கில் சிக்கிய பத்திரிகையாளரின் சிறைக் கதை. கேக்னியும் ஜார்ஜ் ராஃப்ட்டும் ஒன்றாக நிற்கும் காட்சிகள் பிரமாதம், முடிவு அவசரம். 'சான் குவென்டின்' (1937) சிறை அதிகாரி பக்கத்திலிருந்து சொன்னது. 70 நிமிடம், ஒரு முறைக்கு மேல் தாங்காது. 'சிட்டி ஃபார் கான்க்வெஸ்ட்' (1940) குத்துச்சண்டைக் கதை; நல்ல படம், ஆனால் நாம் தேடும் சரக்கு அல்ல. 'எ ஸ்லைட் கேஸ் ஆஃப் மர்டர்' (1938) நகைச்சுவை: மதுவிலக்கு நீங்கியதும் தன் பீர் குடிக்கவே லாயக்கில்லை என்று தெரியாமல் நேர்மையான வியாபாரி ஆகும் ரவுடி. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்க இந்தப் பெட்டியில் இதுதான் பொருத்தம்.

ஒவ்வொரு வட்டிலும் சிறப்பம்சப் பட்டியலில் 'வார்னர் நைட் அட் தி மூவீஸ்' என்று ஒன்று இருக்கும். படம் வந்த வருடத்துச் செய்திப்படம், குறும்படம், கார்ட்டூன், வேறொரு படத்தின் முன்னோட்டம் எல்லாம் வரிசையாக ஓடி, பிறகு படம் வரும். அன்றைய தியேட்டரில் ஓர் இரவு எப்படிப் போனதோ அப்படி. இதை விட்டுவிடாதீர்கள். ஆங்கில சப்டைட்டிலும் இருக்கிறது, கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ராபின்சனும் கேக்னியும் பேசும் வேகத்துக்கு, நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே மூன்றில் ஒரு வசனம் நழுவும். 'ராட்' என்றால் கைத்துப்பாக்கி, 'மவுத்பீஸ்' என்றால் வக்கீல், 'டேக் தி ராப்' என்றால் பழியை ஏற்பது. இந்த மூன்றும் தெரிந்தாலே பாதித் தடுமாற்றம் போய்விடும். திரைப்பட வரலாற்றாளர்களின் விளக்க ஒலித்தடங்களில் இந்த இரண்டு படத்துக்கானவை இரண்டாம் முறை பார்க்கையில் பெரிதும் உதவும்.

இனி வட்டின் நிலைமை. டிவிடி என்பது ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளைப் பசையால் ஒட்டிய 1.2 மில்லிமீட்டர் வட்டு. தகவல் இருப்பது நடுவே உள்ள உலோகப் பூச்சில். அந்த ஒட்டு கெட்டால் பூச்சும் கெடும். 2006 முதல் 2008 வரை தயாரான வார்னர் டிவிடிகளில் கணிசமானவை இப்படிப் படிக்க முடியாமல் போவதை வாங்கியவர்கள் கண்டுபிடித்தார்கள். 2025ல் நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டு மாற்று வட்டு தருவதாகச் சொன்னது. இந்தப் பெட்டி சரியாக அந்தக் காலத்தைச் சேர்ந்தது. கெட்ட வட்டு வெளிப்பார்வைக்குக் கீறலே இல்லாமல் பளபளவென்று இருக்கும். அதனால் 'புத்தம் புதுசு, சீல் பிரிக்கவில்லை' என்று சொல்லும் பெட்டியை நம்பி அதிகக் காசு கொடுக்காதீர்கள். பிரித்து ஓட்டிப் பார்த்த பெட்டியே பாதுகாப்பு.

சோதிக்கும் முறை இது. மெனு வருகிறதா என்று பார்ப்பது போதாது, கெட்ட வட்டிலும் மெனு வரும். இரட்டை அடுக்கு வட்டில் படம் நடுவே ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கெடுவது பெரும்பாலும் அந்தத் தாவலுக்குப் பிறகு தெரியும். கடைசி மூன்று அத்தியாயங்களையும் சிறப்பம்சங்களையும் தனித்தனியே திறந்து பாருங்கள். அதைவிட உறுதியான வழி கணினியில் வட்டு முழுவதையும் ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்கச் சொல்வது: எங்காவது வேகம் திடீரென்று விழுந்து டிரைவ் முனகினால் அந்த இடம் போய்விட்டது என்று அர்த்தம். ஆறு வட்டுக்கும் செய்ய ஒரு மாலை போகும். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்யுங்கள், ஒன்று கெட்டிருந்தாலும் அதே நாளில் விற்றவருக்கு எழுதுங்கள்.

அடுத்தது மண்டலம், அதாவது வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற குறியீடு. பெட்டி அமெரிக்காவுக்கானது: மண்டலம் 1, என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை). இந்தியாவில் விற்கும் பிளேயர் மண்டலம் 5. மும்பையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான லேமிங்டன் ரோட்டில் பிளேயர் வாங்கப் போனால் 'எல்லா மண்டலமும் ஓடுமா' என்று கேட்டு, மண்டலம் 1 வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். கணினிக்கான யுஎஸ்பி டிரைவ் வாங்கினால் மண்டலத்தை மாற்ற ஐந்து முறைதான் வாய்ப்பு உண்டு, ஐந்தாவதில் நிற்பது நிரந்தரம். விளையாட்டாக மாற்றிப் பார்க்க வேண்டாம். இப்போதைய டிவி எல்லாம் என்டிஎஸ்சி சிக்னலை ஏற்கும், அதில் கவலை இல்லை. உண்மையில் என்டிஎஸ்சி வட்டு ஒரு விதத்தில் மேல். பால் (PAL, இந்திய, ஐரோப்பிய டிவி முறை) வட்டில் நொடிக்கு 24 ஃப்ரேம் 25 ஆக ஓட்டப்படுவதால் படம் 4 சதவீதம் வேகமாகப் போகும். 'ஜி மென்' மாதிரி 85 நிமிடப் படம் 82 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், குரலும் கொஞ்சம் மேலே ஏறும். ஏற்கெனவே கடகடவென்று பேசும் கேக்னிக்கு அது ஆகாது.

படம் சதுரத்துக்குக் கிட்டே இருக்கும்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. ஜூம் செய்து திரையை நிரப்பினால் தலையும் காலும் வெட்டுப்படும். இழுத்து நிரப்பினால் ராபின்சன் இன்னும் குண்டாவார். 43 அங்குல டிவியில் படம் 35 அங்குல அளவுக்குத்தான் வரும், அதற்கேற்ப ஏழடியில் இருக்கும் நாற்காலியை ஐந்தடிக்கு இழுத்துக்கொள்ளுங்கள். டிவியில் 'சினிமா' அல்லது 'ஃபிலிம் மேக்கர்' பயன்முறை வையுங்கள், நிறச் சூடு 'வார்ம்'. இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பூசினாற்போல் இருக்கும். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள், ஷார்ப்னஸை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒலி ஒற்றைத் தடம். சவுண்ட்பாரில் 'சரவுண்டு' போட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

மும்பை ஜூன் முதல் செப்டம்பர் வரை வட்டுக்கும் பகை. ஜன்னல் ஓர அலமாரி வேண்டாம். சுவரை ஒட்டாமல், நிமிர்த்தி, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உறையிலிருந்து எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து வளைத்து இழுக்காதீர்கள்; நடுப் பொத்தானை அழுத்தினால் தானே எழும்பும். வளைப்பதால்தான் நடுத்துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு விழுகிறது. துடைப்பது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது தகவல் தடத்தோடு நீளமாகப் போகும், பிளேயரின் பிழை திருத்தத்தால் அதை ஈடுகட்ட முடியாது. குறுக்குக் கீறலைத் தாண்டிவிடும்.

பெட்டியின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: போலீஸ் வேலையின் நுணுக்கம் திரைக்கு வந்தது போருக்குப் பிறகு, பெட்டி அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியை மூன்று நான்கு வட்டால் அடைக்கலாம். முதலில் 'டி-மென்' (1947). கள்ள நோட்டுக் கும்பலுக்குள் புகும் இரண்டு நிதித் துறை அதிகாரிகள். பொய் வாழ்க்கை வரலாற்றை நூலகத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்யும் காட்சி மட்டுமே போதும், 'புல்லட்ஸ் ஆர் பாலட்ஸ்' எவ்வளவு எளிதாக அதைத் தாண்டிப் போய்விட்டது என்று காட்ட. ஜான் ஆல்டனின் ஒளிப்பதிவில் முகத்தில் பாதி எப்போதும் இருட்டு. தெருவிளக்கு உள்ளே விழும் அறையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்து 'ஒயிட் ஹீட்' (1949). இதில் கேக்னி மறுபடி ரவுடி. ஆனால் போலீஸ் பக்கம் கவனித்தால் அது ஒரு பயிற்சிப் பாடம். ஒரு காரை மூன்று காரால் பின்தொடர்கிறார்கள்: ஒன்று கண் பார்வையில், ஒன்று அதற்குப் பின்னால், ஒன்று அடுத்த தெருவில், முறை மாறி மாறி முன்னால் வருவதால் துரத்தப்படுபவர் கண்ணில் ஒரே கார் நிலைக்காது. இறுதியில் லாரிக்கு அடியில் ஒட்டவைத்த சிறு ரேடியோக் கருவியின் சிக்னலை இரண்டு கார்கள் இரு வேறு இடத்திலிருந்து பிடிக்கின்றன. ஒரு கார் பிடித்தால் கிடைப்பது திசை மட்டும், வரைபடத்தில் ஒரு கோடு. இரண்டு கோடு வெட்டும் புள்ளிதான் லாரி. இரண்டு கார்களும் கிட்டத்தட்ட ஒரே திசையில் நின்றால் கோடுகள் சாய்ந்து உரசும், புள்ளி மைல் கணக்கில் தப்பும். அதனால்தான் படத்தில் கார்களைத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறார்கள். 114 நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட வீண் இல்லை.

'தி என்ஃபோர்ஸர்' (1951) போகார்ட் சட்டத்தின் பக்கம் நிற்கும் படம், அரசு வக்கீலாக. கூலிக்கொலைக் கும்பலைப் பற்றியது. 'கான்ட்ராக்ட்', 'ஹிட்' என்ற சொற்களைக் கேட்டு அதிகாரிகள் விழிக்கும் காட்சி உண்டு. கூலிக்கொலை ஒப்பந்தத்துக்குச் சுபாரி என்ற சொல்லோடு வளர்ந்த ஊரில் அந்த விழிப்பைப் பார்ப்பது விசித்திரமான அனுபவம். முக்கிய சாட்சி ஜன்னல் வழியே விழுந்து சாவது, 1941 நவம்பரில் கோனி ஐலண்ட் ஹோட்டலிலிருந்து ஏப் ரெலஸ் விழுந்து இறந்ததைத் தழுவியது. விடியும் முன் கையில் இருக்கும் காகிதங்களிலிருந்தே வழக்கை மீட்டாக வேண்டும் என்பதுதான் கதை. துப்பு படத்தின் நடுவிலேயே நம் காதில் விழுந்துவிடுகிறது, சப்டைட்டிலை அணைக்காமல் பாருங்கள்.

'தி பிக் ஹீட்' (1953) கடைசியில் வரட்டும். ஃப்ரிட்ஸ் லாங் இயக்கம், கிளென் ஃபோர்ட் துப்பறிவாளர், குளோரியா கிரஹாம், லீ மார்வின். ஜி மென் காலத்தில் போலீஸ் துறை சுத்தம், ரவுடி வெளியே. இங்கே கமிஷனரே ரவுடியின் வீட்டு விருந்தாளி. இதன் 4கே வட்டு எந்த மண்டலத்துப் பிளேயரிலும் ஓடும். கூடவே வரும் அமெரிக்க ப்ளூ-ரே மண்டலம் ஏ, இந்தியாவில் விற்கும் மண்டலம் சி பிளேயரில் ஓடாது. 4கே பிளேயர் இல்லாதவர்கள் மண்டலத்தைப் பார்க்காமல் வாங்கிவிட வேண்டாம்.